காலவரிசை என்னும் கள்ளத் தராசு

கலைப்படைப்பொன்றை அதன் ஆக்கியோன் அமைத்த ஒழுங்கிற் பாராது, அதனுள் வரும் சம்பவங்கள் நிகழ்ந்த ஒழுங்கில் மாற்றி அடுக்கிப் பார்ப்பதே அதனை உள்ளவாறு அறியும் வழி என்றொரு கருத்து திரைப்பட இரசிகர் சிலரிடையே வேரூன்றியுள்ளது. முன்பின்னாகப் பின்னப்பட்ட படத்தை வெட்டி ஒட்டி, பிறப்பிலே தொடங்கி இறப்பிலே முடியும் நேர்கோட்டுக் கதையாக்குவதற்கு இன்று ஒரு கணினியும் சிறிது ஓய்வும் இருந்தாற் போதும். இதனை ஓய்வுநேர விளையாட்டென்று ஒதுக்கிவிடலாந்தான். ஆயின் விளையாட்டாகத் தொடங்கிய செயல் இப்போது ஒரு கொள்கையாகவே பேசப்படுகின்றது. "இயக்குநர் குழப்பி வைத்ததை நாங்கள் தெளிவாக்குகிறோம்; கதை விளங்கினாற் போதாதா?" என்பது காலவரிசைவாதிகளின் வினா. பல்கலைக்கழக மாணவரும் இவ்வினாவைக் கேட்கத் தலைப்பட்டிருப்பதே இதற்கு மறுமொழி கூறுவதை அவசியமாக்குகின்றது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கோ, ஒரு கதை எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பது திரையரங்க வாயிலோடு நின்றுவிடும் பிரச்சினையன்று. அது பின்னர் வரும்.

காலவரிசைவாதத்தின் அடிப்படைத் தவறு, நிகழ்ச்சிகளின் வரிசையை நடுநிலையானதொன்றாகக் கொள்வதாகும். இயக்குநர் ஒழுங்கு மாற்றிச் சொல்வது அவரது விருப்பு வெறுப்பின் வெளிப்பாடு. நாட்காட்டி ஒழுங்கோ எவர் பக்கமும் சாயாதது என அவர்கள் நம்புகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. கேட்போர் மனத்தில் எந்தக் கதையிலும் இறுதியிற் சொல்லப்படுவது தீர்ப்பின் தானத்தைப் பெறும். காலவரிசைப்படி சொல்லும்போது, கடைசியாக நிகழ்ந்தது எதுவோ அதுவே தீர்ப்பாகிவிடுகின்றது. கடைசியாக நிகழ்ந்தது கதையின் மிக அற்பமான சம்பவமாக இருக்கலாம். மிக அநீதியானதாகவும் இருக்கலாம். நாட்காட்டி அதனைப் பொருட்படுத்துவதில்லை. தராசுத்தட்டில் எப்போதும் கடைசிக் கல்லுக்கே பாரம் ஏற்றி நிறுக்கும் வணிகனை எவரும் நடுநிலையாளன் என்பதில்லை.

கிறிஸ்தோபர் நோலன் 2000ஆம் ஆண்டில் இயக்கிய 'மெமென்ரோ' இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் படம். புதிய நினைவுகளைத் தேக்கிவைக்க இயலாத ஒருவன், தன் மனைவிக்குத் தீங்கிழைத்தவனைத் தேடிப் பழிவாங்க முற்படுகின்றான். வண்ணக் காட்சிகள் பின்னிருந்து முன்னாகவும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னிருந்து பின்னாகவும் நகர்ந்து, ஈற்றில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. 2002இல் வெளியான இறுவட்டுப் பதிப்பொன்றில், படத்தைக் காலவரிசையிற் பார்ப்பதற்கான வசதி மறைவாக வைக்கப்பட்டிருந்தது. அவ்வாறு பார்ப்பவன் காண்பதென்ன? ஒரு மனிதன் தேடுகின்றான், ஏமாற்றப்படுகின்றான், ஈற்றிலே ஒருவனைச் சுட்டு வீழ்த்துகின்றான். சராசரிப் பழிவாங்கற் கதை. நோலன் அமைத்த ஒழுங்கிலோ அக்கொலை முதற் காட்சியிலேயே முடிந்துவிடுகின்றது. இறுதியில் எஞ்சுவது, தான் மறந்துவிடுவான் என்பதை நன்கறிந்துகொண்டே அம்மனிதன் ஒரு பொய்யான தடயத்தைத் தனக்குத் தானே எழுதிவைக்கும் கணம். ஒரு வரிசையில் அவன் சூழ்நிலையின் பலி. மற்றதில் தன் அறியாமையைத் தானே தேர்ந்துகொண்ட குற்றவாளி. சம்பவங்களில் ஒன்றேனும் கூட்டப்படவில்லை, குறைக்கப்படவில்லை. தீர்ப்பு மட்டும் தலைகீழாயிற்று.

பிரான்சிஸ் போர்ட் கொப்பலாவின் 'கோட்பாதர்' படங்கள் இரண்டும் 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் காலவரிசைப்படி ஒன்றிணைக்கப்பட்டன. 1974இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் முடிவுப் பகுதியில், சொந்தச் சகோதரனையே கொல்வித்துவிட்ட மைக்கேல் தனித்திருக்க, 1941 டிசம்பரில் தந்தையின் பிறந்தநாளுக்காகக் குடும்பத்தார் உணவு மேசையைச் சூழ்ந்திருந்த காட்சி விரிகின்றது. அனைவரும் தந்தையை எதிர்கொள்ள எழுந்து செல்ல, அங்கும் மைக்கேல் மேசையிலே தனியே எஞ்சுகின்றான். காலவரிசையில் இக்காட்சியின் இடம் முதற் படத்தின் கலியாண வீட்டுக்கும் முன்னதாகும். அங்கே கொண்டுபோய் வைத்தால், மூத்த பிள்ளைகள் மேசையில் அமர்ந்திருக்க இளையவன் படையிற் சேர்ந்த செய்தியைச் சொல்கிறான் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சேர்ஜியோ லியோனேக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. அவரது 'வன்ஸ் அப்பொன் எ ரைம் இன் அமெரிக்கா' 1984இல் ஐரோப்பாவில் 229 நிமிடப் படமாக வெளிவந்தது. அமெரிக்க விநியோகத்தர் அதனை 139 நிமிடங்களாக்கிக் காலவரிசையில் அடுக்கி வெளியிட்டனர். அபின் கூடத்திலே படுத்திருக்கும் நாயகனின் முகத்திற் படரும் சிரிப்போடு முடிந்திருந்த படம், அந்த முடிவை இழந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட நினைவோட்டம் முழுவதுமே அச்சிரிப்புக்குள் அடங்கியதோ என்ற ஐயமும் அதனோடு போயிற்று.

தமிழ்த் திரையும் இவ்வகையில் வறியதன்று. சுந்தரம் பாலச்சந்தர் இயக்கி ஏ.வி.எம். நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட 'அந்த நாள்' பாடலும் நடனமும் இன்றி வந்த படம் என்பதற்காகவே பலராலும் நினைக்கப்படுகின்றது. அதன் கதைப்பின்னலின் பெறுமதி போதியளவு பேசப்படவில்லை. யப்பானியக் குண்டுவீச்சின் அச்சம் சென்னையைப் பற்றியிருந்த காலம் அதன் பின்புலம். 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் யப்பானிய விமானங்களாற் தாக்கப்பட்டதை மூத்தோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவ்வச்சத்தை விளக்கவேண்டியதில்லை. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டு வீழ்கின்றான். அயலவர், தம்பி, தம்பியின் மனைவி, நடனக்காரி என ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்த, ஒவ்வொருவர் கூற்றும் தனித்தனிப் பின்னோக்காகக் காட்டப்படுகின்றது. குரோசாவாவின் 'றஷோமொன்' காட்டிய வழி இது. ஈற்றிலேதான் இறந்தவன் நாட்டின் இரகசியங்களை யப்பானுக்கு விற்றவன் என்பதும், அவன் மனைவி உஷாவின் கைத் துப்பாக்கியே அவனைச் சாய்த்தது என்பதும் வெளிப்படுகின்றன.

இதனை நேராக்கிப் பார்ப்போம். திறமைமிக்க இளைஞன் ஒருவனின் கண்டுபிடிப்பை அரசு புறக்கணிக்கின்றது, அவன் பகைவனிடம் விலைபோகின்றான், மனைவி அறிகின்றாள், மடிகின்றான். தேசபக்திக்குப் பாடப்புத்தக உதாரணம். துரோகி என்று அறிந்தபின் அவன் சாவுக்கு இரங்குவார் எவர்? பாலச்சந்தரின் ஒழுங்கில் பார்வையாளன் முதலில் ஒரு பிணத்துக்கு இரங்குகின்றான். அந்த இரக்கம் வேரூன்றிய பின்னரே துரோகம் வெளிப்படுகின்றது. முன்னர் பிறந்த இரக்கத்தையும் பின்னர் பிறந்த வெறுப்பையும் ஒருங்கே சுமந்துகொண்டுதான் அவன் அரங்கை விட்டு வெளியேற முடியும். உஷா சுமப்பதும் அதையே. நேராக்கியவர் அவள் சுமையை இறக்கிவைத்துவிட்டு, கதையைத் தெளிவாக்கினோம் என்கின்றனர்.

கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004) காலவரிசைவாதிகளுக்கு வேறொரு தொல்லையைத் தருகின்றது. சிறைக்குள்ளே கொத்தாளத் தேவன் முதலிற் சொல்கின்றான். பின்னர் அதே சம்பவங்களை விருமாண்டி சொல்கின்றான். இரண்டிலும் ஒரே சம்பவம் வேறு வேறாகக் காட்டப்படுகின்றது. இவற்றை எந்த நாட்காட்டியில் அடுக்குவது? இரண்டாவது கூற்றை உண்மையெனக் கொண்டு முதலாவதைக் களைந்துவிட்டால் வரிசை கிடைக்கும். முதலிற் பேசுபவனைப் பார்வையாளன் எத்துணை எளிதில் நம்பிவிட்டான் என்ற வெட்கம் கிடைக்காது. மரணதண்டனையைப் பற்றிய படத்துக்கு அந்த வெட்கமே உயிர்நாடி. மணிரத்தினத்தின் 'அலைபாயுதே' (2000) இவ்வளவு சிக்கலானதன்று. வீடு திரும்பவேண்டிய மனைவியைக் காணாது கணவன் காத்திருக்கும் கவலையின் நடுவே அவர்களது காதற்கதை நினைக்கப்படுகின்றது என்பது மட்டுமே அங்குள்ள உத்தி. ஆயினும் அதை எடுத்துவிட்டால், விபத்தொன்றை வாலாகக் கட்டிய காதற் படமே மிஞ்சும்.

இவ்விடத்து ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒழுங்கு மாற்றிச் சொல்லப்பட்ட படமெல்லாம் உயர்ந்த படமாகிவிடாது. சொல்வதற்கு ஒன்றுமில்லாத வெறுமையை மறைக்கவே காட்சிகளைச் சீட்டுக்கட்டுப்போலக் கலைத்துப் போடுவோர் தமிழிலும் பிறமொழிகளிலும் மலிந்துவிட்டனர். அத்தகைய படத்தை நேராக்கிப் பார்த்தால் இழப்பொன்றும் இல்லை. நேராக்காமற் பார்த்தாலும் ஆதாயம் ஒன்றுமில்லை. அவற்றைப் புதிர்போல அவிழ்த்து மகிழ்வோருக்கும் காலவரிசைவாதிகளுக்கும் வேற்றுமை மிகச் சிறிதே. இரு சாராரும் ஒழுங்கை ஒரு பூட்டாகவே கருதுகின்றனர். ஒருவர் திறந்து மகிழ்கிறார், மற்றவர் உடைத்து மகிழ்கிறார்.

ஒழுங்கு பூட்டன்று என்பதைத் தமிழ் மாணவனுக்கு உணர்த்த ஹொலிவூட் வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் போதும். கோவலன் முற்பிறப்பிலே பரதன் என்னும் பெயரினனாய், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று பொய்ப்பழி சுமத்திக் கொல்வித்தான் என்பதும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே கோவலன் கொலையாய் விளைந்தது என்பதும் காப்பியக் கதையிற் காலத்தால் மிக முற்பட்ட செய்திகள். காலவரிசைவாதியின் கையில் சிலப்பதிகாரம் கிடைக்குமாயின் அது கலிங்க நாட்டிலே தொடங்கும். இளங்கோவோ அதனை மதுரைக் காண்டத்தின் இறுதியிலே, கட்டுரை காதையிலே, நகர் எரிந்த பின்னர் மதுராபதித் தெய்வத்தின் வாய்மொழியாக வைத்தார். வழக்குரை காதையில் கண்ணகி அரசன்முன் நின்று நீதி கேட்கும்போது நூலினுள் அந்தப் பழவினைக் கதை இன்னும் நிகழ்த்தப்படவில்லை. அவைக்களத்தில் இருப்பவை ஒரு சிலம்பு, ஒரு கொலை, ஒரு கேள்வி ஆகிய மூன்றே. பாண்டியன் தன் பிழையைத் தானே உணர்ந்து உயிர்விடுவதற்கும் அதுவே காரணம். சங்கமன் கதையை முன்னே வைத்திருந்தால், கண்ணகி வாயைத் திறக்குமுன்னரே வழக்குத் தள்ளுபடியாகியிருக்கும். கோவலன் பெற வேண்டியதைப் பெற்றான், அரசன் ஊழின் கருவி, பொற்கொல்லனும் அவ்வாறே. கண்ணகியின் சினம் அறியாப் பேதையின் ஆவேசம். நிகழ்ச்சிகள் அனைத்தும் அவைதான், நீதிதான் இல்லை.

பதிகத்திலேயே அச்சாபம் குறிக்கப்படுகிறதே என்று கற்றோர் தடை எழுப்பலாம். குறிக்கப்படுகின்றது, உண்மை. பதிகம் சாபத்தை மட்டுமா சொல்கிறது? காப்பியக் கதையையே சுருக்கிச் சொல்லிவிடுகின்றது. எனவே இளங்கோவின் ஒழுங்கு, என்ன நடக்கும் என்பதை மறைத்து வைத்து ஆவலைத் தூண்டுவதற்கு அமைந்ததன்று. செய்தி தெரிந்திருப்பது வேறு. அது நூலினுள் நிகழ்த்தப்படும் இடம் வேறு. முடிவை முன்னரே அறிந்தவனும் வழக்குரை காதையைப் படிக்கையில் கண்ணகியின் பக்கமே நிற்கின்றான் என்றால், அவனை அங்கே நிறுத்தியது காதைகளின் வைப்புமுறையே.

கிழக்கிலங்கைக் கண்ணகி அம்மன் கோயில்களிற் படிக்கப்பெறும் 'கண்ணகி வழக்குரை'யைக் காட்டி இன்னொரு தடை எழுப்பலாம். அது வரம்பெறு காதையிலே தொடங்கி, பிறப்பு, கலியாணம், வழிநடை, கொலைக்களம், வழக்குரை, குளிர்ச்சி என ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்கின்றது. கிராம மக்கள் இளங்கோவை நேராக்கிவிட்டனர் என்று அவர்களையும் கண்டிப்பதா? வேண்டியதில்லை. கொதித்த தெய்வத்தைக் குளிர்விக்கும் சடங்குக்கென அவர்கள் தம் சொல்லிலே, தம் யாப்பிலே, தம் பொறுப்பிலே புதிய காவியம் ஒன்றைப் படைத்தனர். சிலப்பதிகார ஏட்டின் கட்டவிழ்த்து ஓலைகளை இடம் மாற்றிக் கோத்துவிட்டு, சிலப்பதிகாரம் இதுவே என அவர்கள் சொல்லவில்லை. கொப்பலா தாமே தொலைக்காட்சி வடிவத்துக்கு உடன்பட்டதும், காஸ்பார் நோயே என்னும் இயக்குநர் 2002இல் பின்னிருந்து முன்னாகச் சொன்ன தம் 'இர்ரெவர்சிபிள்' படத்தை 2019இல் தாமே நேராக்கித் தனிப் பதிப்பாகக் காட்டியதும் இவ்வகையிலேயே அடங்கும். படைத்தவன் மறுபடியும் படைக்கலாம். அது இன்னொரு படைப்பு. நோயேயின் இரண்டு வடிவங்களையும் பார்த்தவர்கள் இரண்டு படங்களையே பார்த்தனர்.

கற்பதற்காகப் பிரித்துப் பார்க்கும் உரிமையையும் எவரும் மறுக்கவில்லை. திருகோணமலை இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடைய விபுலாநந்த அடிகளார் 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யிலே, சேக்சுபியரின் நாடகங்களை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் சந்திகளின் வழி நின்று பகுத்துக் காட்டினார். அப்பகுப்பு நாடகத்தை அறிவதற்கு உதவியது. நாடகத்தின் இடத்தை அது பிடிக்க முனையவில்லை. மேலும், அந்த ஐந்து சந்திகளும் வித்து முளைத்து விளைந்து துய்க்கப்படும் வளர்ச்சியின் பெயர்கள். எந்தத் திகதியில் எது நடந்தது என்ற கணக்கன்று. காட்சிகளின் காலநிரலைத் தாளில் வரைந்து பார்க்கும் மாணவன் நல்ல மாணவனே. வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, ஊரைப் பார்த்தாயிற்று என்பவனோடுதான் வழக்கு.

இவ்வழக்கு அவசரமானதும் ஆகும். ஒழுங்கை மாற்ற உரிமை உண்டென்று ஏற்றவர்கள், முடிவை மாற்ற உரிமை இல்லையென்று எந்த நியாயத்தைக் கொண்டு மறுப்பர்? ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்து 2013இல் வெளிவந்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', 2025 ஆகத்து 1ஆம் திகதி மீண்டும் திரையிடப்பட்டபோது அதன் முடிவு செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மாற்றப்பட்டிருந்தது. இறந்த நாயகன் கண் விழித்தான். இயக்குநரும் நடிகரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். படத்தின் ஆன்மாவே பறிக்கப்பட்டது என்பது தனுஷின் முறைப்பாடு. உரிமை எவரிடம் உள்ளதோ அவர் விருப்பம் எதுவோ அதுவே படம் என்ற நிலை வந்துவிட்டது. படைப்பைச் சிதைத்து ஆக்கியோன் பெயருக்கு ஊறு செய்வதை எதிர்க்கும் தார்மிக உரிமையை இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஏற்கின்றன. சட்டம் உண்டு. அதனை நாடச் செலவும் காலமும் உடையவர் எத்தனை பேர் என்பது வேறு வினா. இரசிகரின் மனச்சாட்சி இசைந்து கொடுக்கும்போது சட்டம் தனித்து நின்று எதனைக் காக்கும்? இறந்தவனை எழுப்பியவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. "எங்களுக்கு வசதியான வடிவிலே தாருங்கள்" என்று பல்லாண்டாகக் கேட்டு நின்ற சந்தையே அவர்களைப் பெற்றது.

இனித் திருகோணமலைக்கு வரலாம். பிரெட்றிக் கோட்டை வாயிலிலே, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கல்லொன்று சுவரோடு சுவராய் நிற்கின்றது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பின்னாளில் உடைப்பர் என்று எதிர்காலத்தில் வைத்துப் பேசும் செய்யுளின் சிதைவுகள் அதிலே காணப்படுகின்றன. அச்சாசனத்தின் காலம் பற்றி ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். அது எப்போது பொறிக்கப்பட்டதாயினும், அழிவைக் கதையின் முடிவாக வைக்க அந்தப் புலவன் இசையவில்லை. கட்டியவனின் காலத்திலேயே அழிவை முன்னுரைத்து, அதற்குப் பின்னரும் சொல்வதற்கு இடம் வைத்தான். கோட்டை கட்டியவர்களின் வரிசையிலோ கோயில் முதலில், இடிப்பு அடுத்தது, கோட்டை கடைசி. கோட்டையே முடிந்த முடிபு.

2006 சனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று பாதுகாப்புத் தரப்பு முதலிற் கூறியது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள், உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டின. அம்மாதம் 24ஆம் திகதி அவரும் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 யூலை 3ஆம் திகதி, குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் போதிய சான்று இல்லையெனத் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். இவை காலவரிசையில் அமைந்த செய்திகள், ஒன்றும் பொய்யில்லை. ஆயின் இவ்வரிசையிற் படிப்பவனுக்கு 'விடுவிக்கப்பட்டனர்' என்பது கதையின் முடிவாகவும், சான்று இல்லை என்பது அதன் பொருளாகவும் தோன்றுகின்றது. இவ்வைந்து பேரின் கதையைப் படமாக்க முனையும் இளைஞன் ஒருவன், நீதிமன்ற அறையில் விடுதலை வாசிக்கப்படும் காட்சியை முதலில் வைக்கலாம். அதிலிருந்து பின்னோக்கிச் சென்று, புகைப்படக்காரர் பிணவறையில் கருவியை உயர்த்தும் கணத்திலே படத்தை நிறுத்தலாம். அப்போது சான்று இல்லை என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்த பார்வையாளன், சான்று எடுக்கப்படுவதை இறுதியிலே காண்பான். அப்படத்தையும் எவரோ ஒருவர் பிறகு நேராக்கி, கதை இப்போதுதான் விளங்குகிறது என்று நண்பருக்கு அனுப்பிவைப்பார்.